மச்சம் பார்க்கும் செயலி: 5க்கு 2 நட்சத்திரம்

இடது உள்ளங்காலில் எனக்கு ஒரு மச்சம். சின்ன வயதில் 'மச்சக்காரன்' என்று பெயர் வாங்கித் தந்தது. போன வருடம் அது கொஞ்சம் பெரிதானது போலத் தோன்றவும் தூக்கம் போய்விட்டது. படம் எடுத்துப் போட்டால் ஆபத்தா இல்லையா என்று சொல்லும் செயலி ஒன்றைப் போனில் இறக்கினேன்.

ராத்திரி டியூப்லைட்டில் எடுத்த படத்துக்குச் சிவப்பு. காலையில் ஜன்னலோரம் எடுத்தால் அதே மச்சத்துக்குப் பச்சை! சரி, சோதித்துப் பார்ப்போமே என்று கையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக் காட்டினேன். 'கவனித்து வாருங்கள்' என்றது.

அப்புறம் தோல் டாக்டரிடம் போனேன். காலைப் பார்ப்பதற்கு முன்பே, "எப்போதிலிருந்து இருக்கிறது? மாறியதா? அரிப்பு, ரத்தக்கசிவு உண்டா?" என்று கேட்டார். செயலி இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. பிறகு ஒரு சொட்டு ஜெல் விட்டு, விளக்கு வைத்த டெர்மடோஸ்கோப்பை மச்சத்தின் மேல் வைத்தார். பத்து மடங்கு பெரிதாகக் காட்டுமாம். எனக்கும் காட்டினார். உள்ளங்கால் ரேகைகளின் பள்ளத்தில் மட்டும் பழுப்பு நிறம் கோடு கோடாக ஓடியது. அது சாதாரண மச்சத்தின் அடையாளம். நிறம் மேட்டில் ஓடியிருந்தால் மெலனோமா என்னும் புற்றுநோயைச் சந்தேகித்து, சதைத்துணுக்கு எடுத்துச் சோதிக்க அனுப்பியிருப்பாராம்.

செயலியின் உதவிப் பக்கம் மோசமில்லை. இரண்டு பாதியும் ஒத்துப்போகாதது, ஓரம் பிசிறடிப்பது, ஒரே மச்சத்தில் பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், எல்லாவற்றுக்கும் மேலாக மாறிக்கொண்டே இருப்பது என்று ஆபத்தான மச்சத்தின் அடையாளங்களைத் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால், நகக்கண் பற்றி மூச்சே இல்லை. கறுப்புத் தோல்காரர்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் அங்கேதான் வரும். 1981இல் 36 வயதில் இறந்த பாடகர் பாப் மார்லிக்குக் கால் நகத்தடியில்தான் தொடங்கியது.

அந்த 2 நட்சத்திரமும் படங்களைத் தேதியோடு சேர்த்து வைப்பதற்கு. பக்கத்தில் ஸ்கேல் வைத்து மாதம் ஒரு படம் எடுக்கிறேன். சிவப்பா பச்சையா என்பதைப் பார்ப்பதில்லை.

டாக்டர் என் சட்டையையும் கழற்றச் சொன்னார். முதுகில் 11 மச்சம் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும்.