காசிமேட்டுக் காற்றில் மேக்புக் ஏர்: கொடுத்த காசுக்குத் தகுமா?

எம்2 சிப் பொருத்திய ஆப்பிளின் மேக்புக் ஏர் லேப்டாப் 2022 ஜூலையில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் ஆரம்ப விலை 1,19,900 ரூபாய். வந்த வேகத்தில் மதிப்புரைகளில் நட்சத்திரங்களும் குவிந்தன. அந்த மதிப்பெண்கள் பொய்யில்லை. ஆனால் பெரும்பாலானவை ஏசி அறையில், பெட்டி பிரித்த சூட்டோடு எழுதப்பட்டவை. வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிய பகுதியில் ஒரு லேப்டாப்பின் ஆயுளைத் தீர்மானிக்கிற விஷயங்கள் வேறு. உப்புக் காற்று, நிலக்கரிச் சாம்பல், கத்திரி வெயில், பேருக்கு மட்டும் எர்த் துளை வைத்த பிளக் பாயின்ட். ஜன்னல் கிரில்லுக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடித்தும் துரு பிடிக்கிற தெருவில் மூன்று வருடம் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்த்துத்தான் இதன் விலையைப் பேச முடியும்.

முதல் விஷயம் விசிறி. இந்த மாடலில் அது கிடையாது. மதிப்புரைகளில் இதைக் குறைப் பட்டியலில் சேர்ப்பார்கள். வடசென்னையில் இதுதான் மெஷினின் பெரிய பலம். விசிறி உள்ள லேப்டாப், வேலை செய்கிற நேரமெல்லாம் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். கத்திவாக்கம், எண்ணூர் பக்கம் அந்தக் காற்றில் சாம்பல் தூசி. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்பு. இரண்டும் சேர்ந்து சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு இடையே பஞ்சு மெத்தை மாதிரி படியும். அடைப்பு மட்டும் என்றால் பிரித்து ஊதிவிடலாம்; பெரிய சிக்கல் உப்புதான். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கும் முன்பே ஈரத்தை இழுக்கத் தொடங்கும். சென்னையில் விடியற்காலை ஈரப்பதம் 75-ஐத் தாண்டுவது அன்றாடச் சங்கதி. அதாவது பகலில் விசிறி கொண்டுவந்து போர்டில் படியவைத்த உப்புத் தூசி, ராத்திரியில் மின்சாரம் கடத்தும் உப்புநீர்ப் படலமாகிறது. போர்டில் பச்சைக் களிம்பு பூப்பது இப்படித்தான். விசிறி இல்லாத ஏரில் காற்று உள்ளே போக கீல் பக்கத்து இடுக்கும் போர்ட்டுகளும்தான் வழி. அதையும் இழுத்து உறிஞ்ச ஆளில்லை. விசிறி லேப்டாப்பை இந்தப் பகுதியில் ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். ஏருக்கு அந்தச் செலவும் இல்லை, பிரிக்கும்போது கிளிப் உடையும் பயமும் இல்லை.

இதற்கு விலை உண்டு. இந்த மெஷின் 10 முதல் 35 டிகிரி வரையிலான அறை வெப்பத்துக்கு என்றுதான் கம்பெனியே சொல்கிறது. மே மாதத்தில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறை மதியம் அதைத் தாண்டிவிடும். டாக்குமென்ட், பிரவுசர், வீடியோ கால் என்றால் வித்தியாசமே தெரியாது. 4கே வீடியோ எக்ஸ்போர்ட் மாதிரி தொடர்ந்து பிழிகிற வேலை கொடுத்தால், சில நிமிடங்களிலேயே சூடு ஏறி சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கெட்டுப்போகாது, நேரம்தான் நீளும். சிப்பின் கவசத்துக்கும் அடி மூடிக்கும் நடுவே வெப்பம் கடத்தும் தெர்மல் பேட் ஒட்டி இதைச் சரிசெய்யும் வித்தை ஒன்று சுற்றுகிறது. வேகம் கூடுவது உண்மை. ஆனால் அடித்தட்டு மடியில் வைக்க முடியாத அளவுக்குச் சுடும், வெப்பம் பேட்டரி பக்கமும் பரவும். நம்ம ஊர் வெயிலுக்கு அது வேண்டாத வேலை. கல்யாண வீடியோ எடிட்டிங்தான் பிழைப்பு என்றால் விசிறி உள்ள மேக்புக் ப்ரோவை ஏசி அறையில் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது, பலர் கேட்கும் புகார்: சார்ஜ் போட்டுக்கொண்டு கையை வைத்தால் உடம்பு சுர்ரென்கிறது. மெஷின் பழுதில்லை. கூடவே வரும் இரண்டு பின் பிளக்கில் எர்த் கிடையாது. சார்ஜருக்குள் இருக்கும் சிறிய கெபாசிட்டர் வழியாகக் கசியும் மிகக் குறைந்த மின்சாரம் அலுமினிய உடம்பில் நிற்கிறது. கை வியர்த்திருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும், டிராக்பேடும் துள்ளும். சார்ஜரின் பிளக் துண்டைக் கழற்றிவிட்டு, எர்த் உள்ள மூன்று பின் எக்ஸ்டென்ஷன் கேபிளைப் பொருத்தினால் நின்றுவிடும். சார்ஜரில் அந்தத் துண்டு மாட்டும் இடத்தில் இருக்கும் உலோகக் குமிழ்தான் எர்த் தொடர்பு. ஆனால் ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை வீடுகள் பலவற்றில் மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. மல்டிமீட்டர் இருந்தால் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்து பாருங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் காட்டும் அளவையே, சுமார் 230 வோல்ட், காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போனால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அந்தக் கோளாறு இருக்கும்போது லேப்டாப்பைவிட வாட்டர் ஹீட்டரைத் தொடுவதுதான் ஆபத்து.

சார்ஜ் போட, அதற்கென்றே இருக்கும் மேக்சேஃப் போர்ட்டையே பயன்படுத்துங்கள் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. யூஎஸ்பி-சி போர்ட் வழியாகவும் சார்ஜ் ஏறும். ஆனால் ஈரமும் உப்பும் படிந்த பின்னில் மின்சாரம் ஓடினால் அரிப்பு பல மடங்கு வேகமாகும். மின்முலாம் பூசும் பட்டறையில் நடப்பதுதான், தலைகீழாக. மேக்சேஃப் பின்கள் மேலாக இருப்பதால் துடைப்பது சுலபம். அதிலும் ஒரு தொல்லை: அது காந்தம். லேத் பட்டறை, வெல்டிங் கடை இருக்கும் தெருவில் இரும்புத் தூள் போய் அப்பிக்கொள்ளும். குண்டூசியால் நோண்டாதீர்கள். செல்லோ டேப்பின் பசைப்பக்கத்தை இரண்டு மூன்று முறை ஒற்றி எடுத்தால் போதும். யூஎஸ்பி-சி போர்ட்டில் பென் டிரைவ் தொடர்பு அடிக்கடி அறுந்தால், மெஷினை ஷட் டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, ரப்பர் புளோயரால் ஊதி, மெல்லிய நைலான் பிரஷில் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை இரண்டு சொட்டு விட்டுத் துலக்கி, கால் மணி நேரம் காயவிடுங்கள். அப்படியும் தேறவில்லை என்றால், இந்த மாடலில் யூஎஸ்பி-சி போர்ட்டுகளும் மேக்சேஃப்பும் தனித்தனிச் சிறு போர்டுகளில் இருக்கின்றன. மெயின் போர்டைத் தொடாமல் மாற்றலாம். கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே "மதர்போர்டு போயிடுச்சு" என்றால், சிறு போர்டை மட்டும் மாற்ற முடியாதா என்று கேட்டுப் பாருங்கள்.

ஏசி ஆபீஸிலிருந்து வெளியே வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது பனிநீர். 22 டிகிரியில் குளிர்ந்து கிடந்த அலுமினியத்தை, பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 25, 26 டிகிரியில் இருக்கும் கடலோரக் காற்றில் திறந்தால், குளிர்ந்த டம்ளர் மாதிரி வேர்த்துவிடும். வெளியே மட்டுமல்ல, உள்ளேயும். பையிலேயே அரை மணி நேரம் விட்டு, பிறகு திறந்தால் பிரச்சினை இல்லை. மழைக்காலத்தில் நாள் கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதானால், மூடி இறுகிய டப்பாவில் 50 கிராம் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

திரையைக் காய்ந்த துணியால் நேராகத் துடைக்காதீர்கள். அனல்மின் சாம்பலில் இருப்பது நுண்ணிய கண்ணாடித் துகள், உப்புத்தாள் வேலை செய்யும். முதலில் ஊதி, பிறகு லேசாக ஈரமான மைக்ரோஃபைபர் துணி. தூசிக்குப் பயந்து கீபோர்டுக்கு சிலிக்கான் உறை போடுவது இதைவிட மோசம். மூடினால் திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவே இடமே கிடையாது. உறை திரையை அழுத்தும். கேமரா மூடியும் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் கூடாது.

பேட்டரி விஷயத்தில் குறை சொல்ல அதிகமில்லை. நாளுக்கு 40 சதவீதம் செலவானால் வருடத்துக்கு 146 சுழற்சி (மொத்தம் 100 சதவீதம் செலவானால் ஒரு சுழற்சி), மூன்று வருடத்தில் 440 அளவில். 1,000 சுழற்சி வரை தாங்கும்படி வடிவமைத்த பேட்டரி இது. அதைக் கெடுப்பது சுழற்சியைவிட, வெயில் அறையில் 100 சதவீதத்தில் நாள் முழுக்க சார்ஜில் போட்டு வைப்பதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் இந்த பேட்டரியின் அருமை தெரிந்தது. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில், திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து எழுத்து வேலை செய்தால் ஒரு முழு வேலைநாள் ஓடும்.

இனி விலையைக் குறைக்கும் பக்கம். ராம் (வேலை நேர நினைவகம்), எஸ்எஸ்டி (சேமிப்பகம்), சிப் எல்லாம் ஒரே போர்டில் சாலிடர் செய்தவை. ஒரு டம்ளர் டீ கவிழ்ந்து போர்டு செத்தால், மூன்றும் ஒன்றாகப் போகும். எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு மெஷினில் போட்டுத் தகவலை எடுக்கவும் வழியில்லை. குறியாக்கச் சாவி அந்தச் சிப்போடு கட்டப்பட்டது. அதனால் 1 டிபி வெளி டிரைவ் ஒன்றில் மேக்கிலேயே இருக்கும் டைம் மெஷின் மூலம் பேக்கப் என்பதை மெஷின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

எந்த அளவில் வாங்குகிறோம் என்பதிலும் சூட்சுமம் உண்டு. எம்2-வின் 256 ஜிபி மாடலில் ஒரே ஒரு சேமிப்புச் சிப்தான் வைத்தார்கள். பழைய எம்1-இல் இரண்டு இருந்தது. அதனால் எம்2-வில் படிக்கும் வேகம் ஏறக்குறைய பாதி, எழுதும் வேகமும் குறைவு. 8 ஜிபி ராம் நிறைந்ததும் மிச்சத்தை எஸ்எஸ்டிக்குத் தள்ளும். அது மெதுவானதாக இருந்தால் தடங்கல் கண்ணுக்கே தெரியும். 2022-இல் 16 ஜிபிக்கு 20,000, 512 ஜிபிக்கு இன்னொரு 20,000 கொடுத்து, நல்ல ஏர் என்றால் 1,59,900 ரூபாய். அந்த விலைக்கு அது தகாது என்றே சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் அடிப்படை மாடலையே 16 ஜிபி ஆக்கினார்கள். 2025 மார்ச்சில் எம்4 ஏர் 99,900 ரூபாய்க்கு வந்தது, 16 ஜிபியோடு. 512 ஜிபி என்றால் 1,19,900. முன்பு ஒன்றரை லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கியதைவிட நல்ல மெஷின், ஆரம்ப எம்2-வின் விலைக்கே. ஐந்து வருடம் ஓட்டினால் நாளுக்கு 66 ரூபாய். 55,000 ரூபாய் விசிறி லேப்டாப் மூன்று வருடத்தில் ஓய்ந்தால் நாளுக்கு 50, சர்வீஸ் செலவு தனி. வித்தியாசம் ஒரு டீ, ஒரு சமோசா.

ஆனால் ராஜாஜி சாலையில் துறைமுகச் சரக்குக்குச் சுங்க வேலை பார்க்கும் கிளியரிங் ஆபீஸ்களுக்கும், டாலி மென்பொருளில் கணக்கு எழுதுகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது. டாலி மேக்கில் நேரடியாக ஓடாது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கு மேக் டிரைவர் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே உறுதி செய்ய வேண்டும். அவர்களுக்கு விண்டோஸில் ஓடும் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் நியாயமான தேர்வு. ராம் அதிலும் சாலிடர்தான். ஆனால் எஸ்எஸ்டியைக் கழற்றலாம், பேட்டரி ஸ்க்ரூவில் நிற்கிறது, கீபோர்டு கொஞ்சம் தண்ணீர் தாங்கும். விசிறி இருப்பதால் ஆறு மாதச் சுத்தம் மட்டும் தப்பாது. தமிழ் தட்டச்சுக்காக யாரும் மேக்கைத் தவிர்க்க வேண்டியதில்லை; தமிழ்99, அஞ்சல் இரண்டும் சிஸ்டத்திலேயே இருக்கின்றன.

ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் ஏர் பார்க்கப் போகிறவர்கள், மிட்நைட் நிறத்தைத் தவிர்ப்பது நல்லது. போர்ட் விளிம்பில் வண்ணம் போன இடத்தில் வெள்ளை அலுமினியம் பல்லைக் காட்டும். சில்வரில் அது தெரியாது. சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பவர் பகுதிக்குப் போய் சுழற்சி எண்ணிக்கையைப் பாருங்கள். டிராக்பேடை நாலு மூலையிலும் அழுத்திப் பாருங்கள்; ஒரு பக்கம் கட்டையாக இருந்தால் கீழே பேட்டரி உப்பியிருக்கலாம். கடைசியாக, காசு கொடுக்கும் முன் கடைக்காரர் முன்னாலேயே முழுசாக அழிக்கச் சொல்லி, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் புதிதாக செட்டப் செய்யுங்கள். ஏதாவது கம்பெனியின் பெயரோடு ரிமோட் மேனேஜ்மென்ட் திரை வந்தால், அது யாரோ ஒரு ஆபீஸ் இன்னும் விடாமல் பிடித்திருக்கும் மெஷின். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.