பேட்டரி செல்லைக் கழற்ற முடிகிற வேலை விளக்கே எனக்குச் சரிப்பட்டது

பல்லடம் வட்டாரத்தில் போர்வெல் மோட்டாரை வெளியே எடுத்துப் பழுது பார்த்து மறுபடி இறக்கும் வேலையை நான் செய்து வருகிறேன். தோட்டத்தில் தண்ணீர் நின்றுவிட்டால் விவசாயி விடியும்வரை பொறுக்க முடியாது என்பதால் பாதி வேலை இருட்டில்தான் நடக்கும். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் கான்டாக்டரின் (மோட்டாருக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) முனைகளைத் தேய்ப்பதற்கும், தண்ணீருக்குள் இறங்கப்போகும் கேபிள் ஜாயின்ட்டைச் சுற்றிக் கட்டுவதற்கும் இரண்டு கைகளும் வேண்டும். கைப்பேசி வெளிச்சம் அதற்கு உதவாது. ஆறு ஆண்டுகளில் நான்கு வகை விளக்குகளைப் பயன்படுத்திப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

4 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி போட்ட எமர்ஜென்சி விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விலை குறைவு, பேட்டரியும் எளிதில் கிடைக்கும். ஆனால் தீர்ந்த நிலையில் சில வாரங்கள் கிடந்தாலே தகடுகளில் சல்பேட் படிந்து சார்ஜ் ஏறாமல் போய்விடும். கரண்ட் போகும்போது வீட்டில் எரிக்க அது போதும்.

ட்ரில்லிங் மெஷினின் 18 வோல்ட் பேட்டரியைச் செருகி எரிக்கும் விளக்கு வேறு தரம். 5 ஆம்பியர் மணி பேக் என்றால் 90 வாட் மணி; 18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம் செல் ஒன்றில் இருப்பதைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. அந்த மெஷின் ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். விளக்குக்காக மட்டும் பேக்கும் சார்ஜரும் வாங்குவது எனக்குக் கட்டுப்படியாகவில்லை. பேக்குக்குள் ஐந்து வரிசையாக நிற்கும் செல்களில் ஒரு வரிசை மட்டும் தாழ்ந்துபோனாலும், முழுப் பேக்கையுமே சார்ஜர் ஏற்க மறுத்துவிடக்கூடும். நண்பருடைய விளக்கை ஒரு பருவம்தான் இரவல் வாங்கி எரித்தேன் என்பதால், நாள்பட்ட உழைப்பைப் பற்றி உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்: உள்ளே செல்லை வைத்து மூடிவிட்ட லித்தியம் விளக்கு ஒன்று, மூடியைத் திருகி 18650 செல்லை வெளியே எடுக்க முடிகிற விளக்கு மற்றொன்று. கடையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி எரியும், காந்தமும் கொக்கியும் இரண்டிலும் உண்டு. வேறுபாடு ஓராண்டு கழித்துத்தான் தெரியும்.

மூடிய வகையில் நான் வாங்கியது பதினான்காம் மாதத்தில் அரை மணி நேரத்துக்குமேல் நிற்கவில்லை. பசை போட்டு ஒட்டியிருந்த உடலைப் பிளந்து பார்த்தபோது, உள்ளே இருந்ததும் அதே 18650 செல்தான்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்து சர்க்யூட் பலகையோடு இணைத்திருந்தார்கள். செல்லின் முனையில் நேரடியாக ஈயம் வைத்துப் பற்றவைக்கக் கூடாது. அந்தச் சூடு உள்ளேயுள்ள பிரிப்புப் படலத்தையும் முனையை மூடும் சீல் வளையத்தையும் கெடுத்துவிடும். ஆகவே பட்டை வைத்த செல்லைத் தேடி வாங்கி, பட்டையின் நுனியில் ஒயரைப் பற்றவைத்தேன். விளக்கு எரிந்தது. ஆனால் பிளந்த உடல் பழைய இறுக்கத்துக்கு வரவில்லை. அந்த விளக்கை வாங்கியதே தண்ணீரும் தூசியும் புகாது என்பதற்காக. ஒரு செல்லை மாற்றப் போய் விளக்கின் முதன்மையான குணத்தையே இழந்தேன்.

கழற்றும் வகையில் இதே வேலை ஒரு நிமிடத்தில் முடிகிறது. பையில் சார்ஜ் ஏற்றிய இன்னொரு செல் இருந்தால், நள்ளிரவில் பைப்புகள் பாதி இறங்கிய நிலையில் வெளிச்சம் குறைந்தாலும் வேலை நிற்காது. சார்ஜ் துளை உடைந்துபோனாலும் செல்லை வெளிச் சார்ஜரில் போட்டுக்கொள்ளலாம். மூடிய விளக்குக்குத் துளை போனால் எல்லாமே போயிற்று. இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். சில விளக்குகளில் டைப்-சி துளை இருந்தும் இரு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாது. 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டைப் பலகையில் வைக்காமல் விட்டிருப்பதே பெரும்பாலும் காரணம். பழைய பெரிய யூ.எஸ்.பி. முனையுள்ள கேபிளைப் போட்டால் ஏறிவிடும்; விளக்கு கெட்டுவிட்டது என்று எறிந்துவிட வேண்டாம்.

இந்த வகையின் குறையையும் மறைக்கக் கூடாது. மூடியின் ரப்பர் வளையத்தில் மண் ஒட்டினால் ஈரம் இறங்கும். கொட்டும் மழையில் நல்ல மூடிய விளக்கே மேல். செல்லைத் திருப்பிப் போட்டுப் பலகையைக் கெடுக்கவும் வாய்ப்பு உண்டு. எல்லாவற்றையும்விடச் செல் வாங்குவதில்தான் கவனம் தேவை. 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்ட 18650 செல் பொய். இந்த அளவில் உண்மையாகக் கிடைப்பது பெரும்பாலும் 3500-ஐ ஒட்டித்தான். நல்ல செல் 45 கிராம் அளவில் எடை இருக்கும், போலி செல்கள் பலவும் கையில் தூக்கும்போதே லேசாக இருக்கும். அளவுக்கு மீறித் தீராமல் காக்கும் சிறு பாதுகாப்புப் பலகை ஒட்டிய செல் சில மில்லிமீட்டர் நீளம் கூடுதலாக இருப்பதால் சில விளக்குகளில் மூடி திருகாது. பலகை இல்லாத செல்லைப் போடுவதானால், மின்னழுத்தம் தாழும்போது விளக்கே அணைந்துகொள்ளும் அமைப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்த செல்லையும் நான் போட்டு ஓட்டியிருக்கிறேன். மல்டிமீட்டரில் 2 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் அதைத் தொடுவதில்லை. அந்த நிலையில் கிடந்த செல்லுக்குள் தாமிரம் கரைந்து, மறுபடி சார்ஜ் ஏற்றும்போது உள்ளேயே ஷார்ட் ஆகக்கூடும். மற்றவற்றை 4.2 வோல்ட் வரை ஏற்றி ஒரு வாரம் சும்மா வைப்பேன். 4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடுவேன்.