காது இரைச்சலுக்கு ஒடிட்டரி ட்ரெய்னிங்: 6 கிழமை போய்ப் பாத்தன்

கொட்டாஞ்சேனையில 25 வருசமா மிளகாய் மில் வச்சிருக்கிறன். மிசின் ஓடேக்க பக்கத்தில நிண்டு கத்தினாத்தான் மற்றாளுக்குக் கேக்கும், அதுக்குள்ளயே நிண்டு நிண்டு பழகிட்டன், காதைப் பற்றி ஒருநாளும் யோசிச்சதில்ல. ரெண்டு வருசத்துக்கு முன்னம் ஒரு ராத்திரி படுக்கேக்க ரெண்டு காதுக்குள்ளயும் சில்வண்டு கத்துற மாதிரி தொடங்கினது, இண்டைக்கு வரைக்கும் நிக்கேல்ல. பகல்ல வேலையில தெரியாது, வீடு அடங்கி மனுசி பிள்ளையள் படுத்தாப் பிறகு அது மட்டும்தான் கேக்கும். நித்திரை இல்லாம மனுசரோட எரிஞ்சு விழுற அளவுக்கு வந்திட்டன், அதுக்குத்தான் ஒடிட்டரி ட்ரெய்னிங், அதாவது சத்தங்களைப் பிரிச்சுக் கேக்கப் பழக்கிற பயிற்சிக்குப் போனனான், அதைப் பற்றி எழுதுறன், என்னைப் போல ஆரும் இருந்தா உதவும்.

முதல்ல பெரியாஸ்பத்திரி ஈ.என்.டி (காது, மூக்கு, தொண்டை) கிளினிக்குக்குத்தான் போனனான். காசில்லாமப் பாக்கினம், ஆனா விடியவே போயிருக்கோணும். டொக்டர் காதுக்குள்ள லைட் அடிச்சுப் பாத்திட்டு ஒடியோகிராம், அதாவது எந்தச் சத்தம் எவ்வளவு கேக்குது எண்டு கோடு போட்டுக் காட்டுற சோதனை எடுக்கச் சொன்னார், அதில 4000 ஹேர்ட்ஸுக்கு மேல, கீச்சுச் சத்தங்கள் இருக்கிற பக்கம், கோடு அப்பிடியே கீழ விழுந்து கிடந்தது. காதுக்குள்ள இருக்கிற சின்ன மயிர்க்கலங்கள் சத்தத்தில செத்தா திரும்ப முளைக்காதாம், அந்தப் பக்கத்துச் சத்தம் வராம விட்டா மூளை தானே வொலியூமைக் கூட்டி வைக்குது, இரைச்சல் அப்பிடித்தான் வருது எண்டுதான் இப்ப கூடுதலானவை சொல்லினம். ஒரு காதில மட்டும் இரைஞ்சாலோ, நாடித் துடிப்போட சேந்து டக் டக் எண்டு கேட்டாலோ, திடீரெண்டு ஒரு காது அடைச்சாலோ முதல்ல டொக்டரிட்ட ஓடுங்கோ, ட்ரெய்னிங் எல்லாம் பிறகு.

அதுக்குப் பிறகுதான் காலி வீதியில இருக்கிற ஒரு சென்டரில 6 கிழமை ட்ரெய்னிங்குக்கு சேந்தன், பேர் போடேல்ல. கிழமைக்கு ரெண்டு தரம் அங்க, மற்ற நாள் வீட்டில ஹெட்போன் போட்டு 20 நிமிசம், மொத்தம் 36,000 ரூபா. முதல் நாள் அங்க வேலை செய்யிற பிள்ளை என்னை சத்தம் போகாத சின்ன அறைக்குள்ள இருத்தி, "அங்கிள், உங்கட சத்தம் இதோட ஒத்துப் போகேக்க சொல்லுங்கோ" எண்டு ஒவ்வொரு சத்தமா போட்டுக்கொண்டு வந்தா, 3000, 4000, 5000, பிறகு 6000ல அது வந்தது, அதே சத்தம், என்ர தலைக்குள்ள மட்டும் ரெண்டு வருசமா இருந்தது வெளியில இருந்து கேக்குது. எனக்குக் கண் கலங்கிட்டுது. வீட்டில ஒருத்தருக்கும் விளங்கப்படுத்த ஏலாம இருந்த ஒண்டை இன்னொரு ஆளும் சேந்து கேக்குது, அவ்வளவுதான் அது, ஆனா அண்டைக்கு ராத்திரி நல்லா நித்திரை கொண்டன்.

ட்ரெய்னிங் எண்டா ரெண்டு சத்தம் அடுத்தடுத்து வரும், எது கீச்சு கூடினது எண்டு பட்டனை அமத்தோணும், சரியா சொல்லச் சொல்ல வித்தியாசம் குறைஞ்சு கொண்டே போகும். முதல் கிழமை சரியான கஷ்டம், வாற சத்தமா என்ர இரைச்சலா எண்டு பிரிக்கத் தெரியாம அவசரப்பட்டு அமத்திப் பிழை விட்டன். மூண்டாம் கிழமை போல ஒருநாள் 20 நிமிசமும் முடிஞ்சாப் பிறகுதான் ஞாபகம் வந்தது, அவ்வளவு நேரமும் இரைச்சலை நான் கவனிக்கவே இல்ல.

இரைச்சல் குறைஞ்சதோ எண்டா, இல்ல. கடைசி நாளும் 6000லதான், அதே அளவுதான். ஆனா இரைச்சலால எவ்வளவு கரைச்சல் எண்டு கேட்டு அவை தாற 25 கேள்வி உள்ள தாள் ஒண்டு இருக்கு, 100க்கு எவ்வளவு எண்டு போடுவினம், கூடினா கரைச்சல் கூட எண்டு அர்த்தம், எனக்கு 58ல இருந்து 44க்கு வந்தது. 7 புள்ளி குறைஞ்சாலே உண்மையான மாற்றமா எடுக்கலாமாம். இது ட்ரெய்னிங்காலயோ, ஒரு ஆள் இருந்து கதைச்சதாலயோ, அதே நேரத்தில ராத்திரியில ஃபேனைப் போட்டுக்கொண்டு படுக்கத் தொடங்கினதாலயோ எண்டு என்னால பிரிச்சுச் சொல்ல ஏலாது. மகள் தேடி வாசிச்சுச் சொன்னவள், இங்கிலாந்தில நொட்டிங்ஹாமில இருக்கிற ஆராய்ச்சிக்காரர் 2010ல இந்த மாதிரி 10 ஆய்வைச் சேத்துப் பாத்து ஆதாரம் பலமில்ல எண்டு எழுதியிருக்கினம், பிறகு அவையே செய்து பாக்கேக்க எந்த சத்தத்தில பழக்கினாலும் கிட்டத்தட்ட ஒரே பலன்தானாம். அப்ப "உங்கட ஃப்ரீக்குவென்சிக்கெண்டே செய்தது" எண்டு கூடக் காசு கேட்டா குடுக்க வேண்டாம்.

எனக்குக் கோபம் வந்தது கவுண்டரில. அறைக்குள்ள அந்தப் பிள்ளை ஒருநாளும் பொய் சொல்லேல்ல, "சத்தம் போகும் எண்டு நான் சொல்லமாட்டன் அங்கிள், அதில இருந்து உங்கட கவனத்தை எடுக்கப் பழக்கலாம்" எண்டுதான் முதல் நாளே சொன்னவா. வெளியில பில் போடுறவர் 90 நாளில முழுசா நிண்டுடும் எண்டு சொல்லி ஜின்கோ எண்ட மூலிகைக் குளிசைப் போத்தல் ஒண்டையும் என்ர தலையில கட்டினார். அமெரிக்க ஈ.என்.டி டொக்டர்மாரின்ர 2014 வழிகாட்டியிலயே டினிட்டஸுக்கு, அதாவது இந்தக் காது இரைச்சலுக்கு, ஜின்கோ பரிந்துரைக்க வேண்டாம் எண்டு இருக்கு. நித்திரை இல்லாம வாற ஆளிட்ட அப்பிடிச் சொல்லுறது பெரிய அநியாயம், அந்த ஆள் என்ன சொன்னாலும் நம்புவான், நானும் நம்பினன். அதே வழிகாட்டி சொல்லுறது மனசைப் பழக்குற சிபிடி கவுன்சலிங், காது கேக்கிறதும் குறைஞ்சிருந்தா ஹியரிங் எய்ட். 2020ல மருத்துவ ஆய்வுகளைச் சேத்துப் பாத்து எழுதுற கொக்ரேன்காரர் 28 ஆய்வைப் பாத்தும் சிபிடியால கரைச்சல் குறையலாம் எண்டுதான் எழுதியிருக்கினம், சத்தத்தை இல்லாம ஆக்கும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல.

இப்ப ஹியரிங் எய்ட் ஒண்டு ரெண்டு கிழமை போட்டுப் பாக்கத் தந்திருக்கினம். போட்டிருக்கேக்க தெருச்சத்தம், குருவிச் சத்தம் எல்லாம் உள்ள வருது, இரைச்சல் அதுக்குள்ள ஒதுங்கிப் போகுது. 36,000ஐயும் முதல்லயே இதுக்குப் போட்டிருக்கலாம், ஆனா அந்த அறைக்குள்ள இருந்த முதல் நாளுக்கு நான் காசு குடுத்தது வீண் எண்டு சொல்லமாட்டன். ட்ரெய்னிங்குக்கு 5க்கு 3, அந்தப் பிள்ளைக்கு 5, கவுண்டருக்கு ஒண்டுமில்ல.

போறதெண்டா ஒடியோகிராம் தாளைக் கையோட கொண்டு போங்கோ, அந்த 25 கேள்வித் தாளை முதல் நாளும் கடைசி நாளும் கேட்டு வாங்கி வையுங்கோ. மில்லில நிக்கிற தம்பிக்குக் காது மூடி வாங்கிக் குடுத்திருக்கிறன், வேர்க்குது எண்டு முதல் கிழமை கழட்டி ஆணியில கொழுவினவன், இப்ப காலமை வந்த உடனே அதைத்தான் முதல்ல எடுக்கிறான்.