புரட்டாசி: மாதம் முழுவதுமா, சனிக்கிழமை மட்டுமா?

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்திறங்கிய இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களின் வழிவந்த வீடுகளில், செப்டம்பர் நடுவில் இந்தக் கேள்வி எழும்: புரட்டாசியில் கவிச்சி விடுவது மாதம் முழுவதுமா, சனிக்கிழமை மட்டுமா? டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டில் இரண்டு முறையும் உண்டு. ஆயா (என் பாட்டி) மாதம் முழுக்கக் கவிச்சி தொடமாட்டார். நான் பல வருடம் சனிக்கிழமை மட்டும் பெருமாளுக்காக விட்டேன்.

வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனிக்கிழமை முறைதான் சுலபம் என்று தோன்றும். ஆனால் வெள்ளி இரவு ஃபிரிட்ஜில் மிச்சக் கோழிக்கறி இருக்கும். "நாளைக்குக் கெட்டுப்போகுமே" என்று மனம் பேரம் பேசத் தொடங்கிவிடும். வாராவாரம் அதே போராட்டம்.

ஆயாவுக்கு அது கிடையாது. மாதம் பிறக்கும் முன்பே கறிச்சட்டியைப் புளி போட்டுத் தேய்த்து, துணியில் சுற்றி, கராஜில் உயரமான தட்டில் ஏற்றிவிடுவார். சட்டி கண்ணில் படாது, ஆசையும் எழாது. செப்டம்பர் 24, தென்னாப்பிரிக்காவின் பாரம்பரிய தினத்தில் தெருவெங்கும் பிராய் (கறியை நெருப்பில் வாட்டும் விருந்து) புகை. அவரோ கறி படாத தனி அடுப்பில் சோளக்கதிரைத் திருப்பித் திருப்பி வாட்டி, எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தடவித் தருவார். "தீர்மானம் ஒரு தடவைதான்டா, அப்புறம் வெறும் சமையல்தான்" என்பார்.

உடம்பு முடியாதவர்களுக்கும் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கும் சனிக்கிழமையே போதும்; பெருமாள் கோபிக்கமாட்டார். எனக்கு ஆயாவின் வழிதான் சரி. இந்த வருடம் என் சட்டியும் கராஜுக்குப் போகிறது.