டார்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு கருவி: ஐசியூ நர்ஸின் ஒன்றரை வருட அனுபவம்

ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியூவில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். பைபாஸில் அடிபட்டு வருபவர்கள், தறிக்குடோனில் ஏணியிலிருந்து விழுந்தவர்கள், காட்டுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டவர்கள் என்று எங்கள் கட்டில்கள் காலியாகக் கிடந்ததே இல்லை. மூளையின் நிலை தெரிய, இவர்களில் பெரும்பாலோருக்கு மணிக்கொருமுறை கண் பாப்பா வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

இத்தனை வருடமும் டார்ச் அடித்துத்தான் பார்த்தோம். கண் பாப்பா சுருங்கினால் சார்ட்டில் '3 எம்எம், ரியாக்டிங்' என்று எழுதுவோம். நான் 3 என்று எழுதியது அடுத்த ஷிஃப்ட் சிஸ்டருக்கு 4 ஆகத் தெரியும். எனக்கு 'ஸ்லக்கிஷ்' (மெதுவாகச் சுருங்குகிறது), அவருக்கு 'பிரிஸ்க்' (சட்டென்று சுருங்குகிறது). யார் மேலும் தப்பில்லை. நம் ஊர்க் கண்கள் அடர்ந்த பழுப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு, பேட்டரி இறங்கிப்போன டார்ச்சில், பாப்பா எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

ஒன்றரை வருடத்துக்கு முன் நியூராப்டிக்ஸ் என்பிஐ-200 வந்தது. கையில் அடங்கும் பியூப்பிலோமீட்டர், அதாவது கண் பாப்பாவை அளக்கும் கருவி. உள்ளே அகச்சிவப்புக் கேமரா இருப்பதால் கண் எவ்வளவு கருப்பாக இருந்தாலும் பாப்பாவின் ஓரம் திரையில் தெளிவாகத் தெரிகிறது. கன்ன எலும்பின் மேல் வைத்து, இடது அல்லது வலது பொத்தானை அழுத்திப் பிடித்து, பாப்பாவைச் சுற்றிப் பச்சை வட்டம் வந்ததும் விட வேண்டும். வெளிச்சம் மின்னும். ஒரு மூன்று நொடி கை ஆடாமல் இருந்தால் போதும். பாப்பாவின் அளவு, எவ்வளவு சுருங்கியது, எத்தனை வேகத்தில், எவ்வளவு தாமதமாக என்று எல்லாம் வந்துவிடும். இவற்றைச் சேர்த்து 0 முதல் 5 வரை ஒரே எண்ணாகவும் காட்டும். அதுதான் என்பிஐ. 3, அதற்கு மேல் என்றால் இயல்பு. 3-க்குக் கீழே இறங்கினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

போன ஆடியில் சித்தோடு பக்கம் பைக்கிலிருந்து விழுந்த ஒருவர் வந்தார். ராத்திரி பதினொரு மணிக்கு வலது கண்ணின் என்பிஐ 4.2. பன்னிரண்டுக்கு 3.4. ஒரு மணிக்கு 2.7. டார்ச்சும் அடித்துப் பார்த்தேன். இரண்டு கண்ணும் 3 எம்எம், சுருங்கத்தான் செய்தது. டார்ச் மட்டும் இருந்திருந்தால் அப்படியே எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பேன். எண் இறங்கிக்கொண்டே போனதால் ட்யூட்டி டாக்டரை எழுப்பினேன். சிடி ஸ்கேன் எடுத்தால், தலைக்குள்ளே ரத்தக்கட்டு பெரிதாகியிருந்தது. மூளை வீங்கிக் கீழே தள்ளும்போது, பாப்பாவைச் சுருக்கும் மூன்றாம் நரம்பை நசுக்குகிறது. பல சமயம் அது முழுதாக நசுங்கி, பாப்பா விரிந்து நின்ற பிறகுதான் டார்ச்சுக்குத் தெரியும். அவரை அந்த ராத்திரியே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். வாசலில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க சிஸ்டர், அவருக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. மூன்று வாரம் கழித்து நடந்து வீட்டுக்குப் போனார்.

ஒரு ராத்திரி அனுபவத்தை வைத்து மட்டும் சொல்லவில்லை. 2023-ல் லான்செட் நியூராலஜி என்ற மருத்துவ இதழில் வந்த 'ஆரஞ்ச்' என்ற ஆய்வில், மூளை பாதித்த 514 பேரைப் பார்த்திருக்கிறார்கள். என்பிஐ தொடர்ந்து குறைவாக இருந்தவர்களின் நிலை ஆறு மாதம் கழித்தும் மோசமாக இருக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது.

பூச்சிமருந்து கேஸ்களிலும் உதவுகிறது. பாப்பா ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும்போது, அது இன்னும் கொஞ்சம் சுருங்குகிறதா என்று வெறுங்கண்ணால் சொல்லவே முடியாது. ஆனால் விஷத்துக்கு முறிவாகக் கொடுக்கும் அட்ரோபின் போதுமா என்பதை இந்த எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். நெஞ்சுச் சளிச் சத்தமும் நாடித்துடிப்பும்தான் அதற்கு முக்கியம்.

குறைகளும் உண்டு. கன்னத்தில் படும்படி கருவியில் மாட்டும் பிளாஸ்டிக் தடுப்பு ('கார்டு', guard) ஒரு நோயாளிக்கு ஒன்றுதான். இன்னொருவருக்கு மாற்றிப் போடக் கூடாது. அந்தச் செலவு பில்லில் ஏறுவதால், எல்லாருக்கும் போடாமல் ரொம்ப மோசமானவர்களுக்கு மட்டும் போடுகிறோம். இது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. ஒருமுறை சப்ளை செய்பவரிடம் கார்டு தீர்ந்துபோய், ஒன்பது நாள் கருவி சும்மா ஸ்டாண்டில் கிடந்தது. வாங்கும் முன்னாடியே கையிருப்பு எவ்வளவு வைப்பார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அடிபட்டு இமை வீங்கிக் கண் திறக்கவே முடியாவிட்டால் இதுவும் பார்க்காது. புரை ஆபரேஷன் செய்த தாத்தா பாட்டிகளுக்குச் சில சமயம் பாப்பா வட்டமாக இருக்காது. அவர்களிடம் அளவு எடுக்க முடியாமல் போகிறது, அல்லது நம்ப முடியாத எண் வருகிறது. வீட்டுக்காரர்களிடம் முதலிலேயே, "கண்ணுல ஆபரேஷன் பண்ணியிருக்குதுங்களா?" என்று கேட்டு சார்ட்டின் மேலேயே எழுதிவைக்கிறோம். அதனால் டார்ச்சை யாரும் தூக்கிப் போட வேண்டாம். என் பாக்கெட்டில் இப்போதும் இருக்கிறது.

புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஒரே ஷிஃப்ட்டில் பழகிக்கொள்கிறார்கள். ட்யூட்டி மாறும்போது "கண் எப்படி?" என்று கேட்டால், "வலது 4.1, இடது 4.3, ராத்திரி பூரா அப்படியேதாங்க்கா" என்று பதில் வருகிறது. பன்னிரண்டு கட்டிலுக்கு ஒரு கருவி போதவில்லை. இரண்டாவது கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.