ஜோட்டெரோ: எடுத்த இடத்தை மறக்க விடாத மென்பொருள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தபோது, என் குறிப்புக் கோப்பில் இருந்த ஒரு பத்தி நானே எழுதியதா, இணையத்தில் எங்கோ படித்து ஒட்டிவைத்ததா என்று எனக்கே தெரியவில்லை. மேற்கோள் குறியும் இல்லை, பக்கத்தின் முகவரியும் இல்லை. பத்தியை நீக்கிவிட்டேன். கருத்துத் திருட்டு பல நேரங்களில் எழுத உட்காருவதற்கு நெடுநாள் முன்பே, குறிப்பெடுக்கும் வேளையிலேயே தொடங்கிவிடுகிறது என்பது அன்று புரிந்தது. அதன்பின் பயன்படுத்தத் தொடங்கியதுதான் ஜோட்டெரோ.

அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆய்வு மையம் ஒன்று 2006இல் வெளியிட்ட, படித்த மூலங்களின் விவரங்களைச் சேகரித்துத் துணைநூற்பட்டியல் உருவாக்கித் தரும், இலவசமாகக் கிடைக்கும் திறமூல (நிரல் எவருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள் இது. உலாவியில் அதன் நீட்சியை நிறுவிவிட்டால், படிக்கும் பக்கத்தின் ஆசிரியர், தலைப்பு, முகவரி, பார்த்த நாள் ஆகியவற்றை ஒரே சொடுக்கில் சேமிப்பதோடு, பக்கத்தின் நகலையும் கணினியில் வைத்துக்கொள்கிறது. நாளை அந்தப் பக்கம் மாறினாலும் மறைந்தாலும் நாம் படித்தது நம்மிடம் இருக்கும். விக்கிப்பீடியாக் கட்டுரையைச் சேமித்தால், அன்றைய பதிப்புக்குரிய நிலையான இணைப்பையே பதிவுசெய்கிறது; நாள்தோறும் யாராவது திருத்தக்கூடிய ஒரு தளத்தைச் சான்றாகக் காட்டுவோருக்கு இந்த நுணுக்கம் எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த வசதி, 2022இல் வந்த ஆறாம் பதிப்பில் சேர்க்கப்பட்ட பிடிஎஃப் வாசிப்பான். ஒரு வரியில் வண்ணம் தீட்டி, தீட்டியவற்றிலிருந்து குறிப்பு உருவாக்கச் சொன்னால், அந்த வரி மேற்கோள் குறிக்குள், ஆசிரியர் பெயரும் ஆண்டும் பக்க எண்ணும் உடன்வர, குறிப்பில் வந்து அமர்கிறது. சான்றைச் சொடுக்கி மூலப் பக்கத்துக்கே திரும்பலாம். சொல் மாறாமல் எடுத்தாளப்போவதற்கு மஞ்சள், என் நடையில் எழுதிக்கொள்ள வேண்டிய கருத்துக்குப் பச்சை, சரிபார்க்க வேண்டியதற்குச் சிவப்பு என்று எனக்கொரு முறை வைத்திருக்கிறேன். பச்சை தீட்டியதை எழுதும்போது மூலத்தை மூடிவிடுவேன். வாக்கியத்தில் நாலு சொல்லை மாற்றிப்போட்டு ‘சொந்த நடை’ என்று சொல்லிக்கொள்ளும் ஆசைக்கு அதைவிட நல்ல தடை வேறில்லை.

தமிழுக்கு வரும்போது கொஞ்சம் கையுழைப்பு தேவைப்படுகிறது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் அமைந்த பிடிஎஃப்களில் வரியை நகலெடுத்தால் பொருளற்ற குறியீடுகளே கிடைக்கும். அவற்றில் பகுதியைப் படமாக வெட்டியெடுத்து, தட்டச்சு செய்துகொள்வதே வழி. பெயர்ச் சிக்கல் இன்னும் சுவையானது. கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்ளும் மேலை வழக்கப்படி பதிவுகள் வருவதால், தந்தை பெயரை விரித்துத் தம் பெயருக்குப் பின்னால் எழுதும் ஆய்வாளரின் கட்டுரைக்குத் துணைநூற்பட்டியலில் அப்பா ஆசிரியராகிவிடுகிறார்! முன்னெழுத்துகளை முதற்பெயர்க் கட்டத்திலும், நிறுவனங்களின் பெயரை ஒற்றைக் கட்டத்திலும் நாமே இட்டுத் திருத்த வேண்டும்.

ஜோட்டெரோ, நாம் எழுதியது பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற ஒப்புமையைச் சோதிக்கும் கருவி அன்று. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் 10 விழுக்காடு வரையான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்கின்றன. 60 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த ஆய்வேட்டை அளித்த மாணவரின் ஆய்வுப் பதிவே ரத்தாகும். உரிய சான்றுடன் தந்த மேற்கோள்கள் அந்தக் கணக்கில் சேரா. ஆனால் மாணவர் பலர் பத்து என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு, அதற்குள் அடங்கும்வரை சொற்களை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்தவர் கருத்தைச் சான்றில்லாமல் எடுத்தது அப்படியே இருக்கிறது. அதை எந்த மென்பொருளும் நமக்காகச் சரிசெய்யாது. நேரில் பார்க்காத மூலத்தைப் பார்த்ததுபோலப் பட்டியலில் சேர்ப்பதையும் ஜோட்டெரோ தடுக்காது. திரும்பப் பெறப்பட்ட ஆய்வுக்கட்டுரை நம் சேகரிப்பில் இருந்தால் மட்டும் எச்சரிக்கிறது.

கோப்புகளை இணையத்தில் வைக்க 300 எம்பி இலவசம். பிடிஎஃப்கள் பெருகினால் அது விரைவில் நிறைந்துவிடும். நூல்விவரங்களை ஒத்திசைக்க அந்த வரம்பு இல்லை என்பதால், நான் கோப்புகளைக் கணினியிலேயே வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை தனி வட்டில் நகலெடுக்கிறேன். ஆய்வேட்டின் கடைசி மாதத்தில் இதை நிறுவிப் பெரிய பயன் இல்லை. தலைப்பு முடிவான வாரத்திலேயே நிறுவிவிடுங்கள்.