ஓப்பன்டிஸ்லெக்சிக் ஃபான்ட்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

டிஸ்லெக்ஸியா (படிப்பதையும் எழுத்துக்கூட்டுவதையும் கடினமாக்கும் கற்றல் சிரமம்) உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், "ஓப்பன்டிஸ்லெக்சிக் ஃபான்டைப் போட்டுப் பாருங்களேன்" என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். 2011-இல் அபி கொன்சாலெஸ் என்பவர் வடிவமைத்து இலவசமாகவே வெளியிட்ட எழுத்துரு அது. கணினியில் போட்டுக்கொள்வது சுலபம், கிண்டிலிலும் இருக்கிறது. தமிழ் எழுத்துகள் கிடையாது, ஆங்கிலம் படிக்கத்தான்.

எழுத்துகளின் அடிப்பாகம் தடித்து, கொஞ்சம் கனத்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். அப்படி இருந்தால் சின்ன பி-யும் (b) சின்ன டி-யும் (d) திரும்பிக் குழப்பாது என்பது யோசனை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குழப்பம் படிக்கப் பழகும் பெரும்பாலான குழந்தைகளுக்குமே வருவது. கைப்பிடி இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் கோப்பை ஒன்றுதான் என்று பார்த்துப் பழகிய மூளை, எழுத்துக்கு மட்டும் அதை மாற்றிக் கற்க வேண்டியிருக்கிறது. டிஸ்லெக்ஸியாவில் பெரும்பாலும் சிக்கல் வேறு இடத்தில்: சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரிப்பதிலும், அந்த ஒலிகளை எழுத்தோடு சேர்ப்பதிலும்.

என் மகள் இந்த ஃபான்டில் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். 'பிளான்ட்' என்பதை 'பிளான்' என்று படித்துவிட்டுப் போகிறாள். கடைசி எழுத்து தடிமனாகத் தெளிவாகத்தான் நிற்கிறது, ஆனால் முன்பாதியைப் பார்த்து ஊகித்துவிடுகிறாள். 'தாட்' (thought) என்ற ஆங்கிலச் சொல் வந்ததும் நின்றுவிடுகிறாள். எழுத்து 7, ஒலி 3. எந்த எழுத்து எந்த ஒலிக்கு என்று யாராவது உட்கார்ந்து, திரும்பத் திரும்ப, வரிசையாகச் சொல்லிக்கொடுத்தால்தான் அது வரும், எழுத்தை எவ்வளவு தடிமனாக்கினாலும் வராது.

ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. 2017-இல் வெளியான ஒரு சின்ன ஆய்வில் ஓப்பன்டிஸ்லெக்சிக்கை ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் என்ற வழக்கமான ஃபான்ட்கள் இரண்டோடும் ஒப்பிட்டார்கள், வேகமும் கூடவில்லை, பிழையும் குறையவில்லை. இதே மாதிரியான இன்னொரு ஃபான்ட் டிஸ்லெக்ஸீ. 2016-இல் அதைச் சோதித்தபோது கொஞ்சம் பலன் தெரிந்தது, ஆனால் அதில் எழுத்துகளுக்கும் சொற்களுக்கும் இடையே இருக்கும் அதே இடைவெளியை ஏரியலுக்கும் கொடுத்ததும் அந்த வித்தியாசம் போய்விட்டது. அதாவது வேலை செய்தது இடைவெளி. இத்தாலி, பிரான்ஸ் பிள்ளைகளிடம் 2012-இல் செய்த ஆய்விலும் எழுத்துகளுக்கிடையே தாராளமாக இடம் விட்டபோது டிஸ்லெக்ஸியா உள்ளவர்கள் நன்றாகப் படித்தார்கள். அதை எந்த ஃபான்டிலும் நாமே கூட்டிக்கொள்ளலாம்.

சரி, அப்போ தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம். பிள்ளைக்குப் பிடித்திருந்தால், இதனால் புத்தகத்தோடு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இருக்கட்டும். கெடுதல் ஒன்றும் இல்லை, காசும் இல்லை. எனக்குக் கோபம் வருவது, ஒர்க் ஷீட்டில் ஃபான்டை மாற்றிக் கொடுத்துவிட்டு "நாங்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம்" என்று பள்ளிகள் சொல்லும்போதுதான். பிள்ளைக்கு வேண்டியது ஒலியிலிருந்து தொடங்கும் முறையான பயிற்சி, தேர்வில் கூடுதல் நேரம், பாடத்தை வாசித்துக் காட்டும் வசதி. அவற்றைக் கேட்டு வாங்குங்கள்.